டன்னையும் ஹெர்பர்ட்டையும் வகுப்பில் எடுக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களான ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் இருவரின் சமயக் கவிதைகளுக்கு நீ எழுதி அனுப்பிய பாடக்குறிப்பைப் படித்தேன். பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ‘விசுவாசம்’, மறுபக்கம் ‘சந்தேகம்’ என்று எழுதி, ஒவ்வொரு வரியும் எந்தப் பக்கம் சேரும் என்று பிள்ளைகளைக் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. பத்து நிமிஷத்துக்குள் ஒருவன் எழுந்து, “அப்படியானால் ஜான் டன் நாத்திகரா மேடம்?” என்பான். அந்தக் கேள்விக்கு இந்தக் கவிதைகளில் பதில் கிடையாது. இவை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கடவுள் உண்டு என்பதில் டன்னுக்குத் தகராறு இல்லை. அந்தக் கடவுள் தன்னைச் சேர்த்துக்கொண்டாரா என்பதில்தான். ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் கவலை வேறு: தான் கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததா? இரண்டையும் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் மீதிப் பாடம் முழுக்கக் கோணலாகப் போகும்.

டன்னின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு ஆவணத்தைக் காட்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் 17-ஆவது விதி முன்குறித்தலைப் பற்றியது. யாரை மீட்பது என்பதைக் கடவுள் உலகத்துக்கு அஸ்திவாரம் போடும் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிறது. இந்த உபதேசம் பக்தியுள்ளவர்களுக்குச் சொல்லமுடியாத ஆறுதல், ஆனால் மற்றவர்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தால் பிசாசு அவர்களை நம்பிக்கையிழப்பில் தள்ளிவிடுவான் என்று அதே விதி எச்சரிக்கவும் செய்கிறது. தான் எந்த வகை என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? விதி அதைச் சொல்லவில்லை. டன்னின் புனித சானெட்டுகள் என்னும் 14 வரிக் கவிதைகள் அந்த இடைவெளியில் நின்றுதான் பேசுகின்றன.

இதைக் காட்ட ‘ஓ மை பிளாக் ஸோல்’ சானெட்டின் 9, 10-ஆம் வரிகள் போதும். மனந்திரும்பினால் உனக்குக் கிருபை குறையாது என்கிறது ஒரு வரி. அந்த மனந்திரும்புதலைத் தொடங்குவதற்கான கிருபையை யார் தருவார் என்கிறது அடுத்த வரி. கிருபை வர மனந்திரும்ப வேண்டும், மனந்திரும்பக் கிருபை வேண்டும். உள்ளே போகும் கதவின் சாவி உள்ளேயே இருக்கிற நிலைமை. அவசரப்படாதே, பிள்ளைகள் இந்தச் சுற்றிலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

வாழ்க்கை வரலாற்றில் ஒரு பொறி இருக்கிறது. ‘இளமையில் காதல் கவிஞர், முதுமையில் பக்திக் கவிஞர்’ என்று கைடுகள் எல்லாம் சொல்லும். டன் குருப்பட்டம் பெற்றது 1615-இல், செயின்ட் பால் பேராலயத்தின் டீன் (தலைமைக் குரு) ஆனது 1621-இல். புனித சானெட்டுகளில் பெரும்பாலானவை 1609, 1610 வாக்கில் எழுதப்பட்டவை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அவற்றை எழுதியவர் பாதிரியார் அல்ல. ரகசியத் திருமணத்தால் உத்தியோகம் பறிபோய், பிள்ளைகுட்டிகளோடு நிலையான வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பஸ்தர்.

அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் விட்டுவிடாதே. தம்பி ஹென்றி ஒரு கத்தோலிக்கக் குருவை ஒளித்துவைத்த குற்றத்துக்காகச் சிறை வைக்கப்பட்டு, 1593-இல் அங்கேயே இறந்தார். எந்தச் சபை உண்மையானது என்ற கேள்வி அந்த வீட்டில் உயிர்போகிற கேள்வி. மூன்றாவது அங்கதக் கவிதையில் ‘புத்தியோடு சந்தேகி’ என்கிறார். தெரியாத வழியில் நின்று சரியாக விசாரிப்பது வழிதவறுவதாகாது, தூங்குவதும் தப்பான பக்கம் ஓடுவதும்தான் தவறு என்கிறார். அங்கே சந்தேகம் ஒரு கடமை, சானெட்டுகளில் அது வேதனை. இரண்டையும் ஒரே விடையில் கலந்து எழுதினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடு.

அடுத்தது எண் குழப்பம். மொத்தம் 19 சானெட்டுகள். 1633-இல் அச்சான முதல் பதிப்பில் 12தான் இருந்தன. 1635-இல் நான்கை இடையிடையே செருகினார்கள். மீதி மூன்றும் வெஸ்ட்மர்லண்ட் கையெழுத்துப் பிரதியில் மட்டும் கிடைத்தவை. அதனால் ‘பேட்டர் மை ஹார்ட்’ ஒரு பதிப்பில் 14-ஆவது, ஹெலன் கார்ட்னரின் 1952 பதிப்பில் 10-ஆவது. எண்ணைச் சொல்லாதே, முதல் வரியைச் சொல். ‘போகப் போகப் பயம் கூடுகிறது’ என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால், எந்த வரிசையில் படித்தாய் என்று கேள். 1633 வரிசை தேவன் அன்பையே கட்டளையாக வைத்த இடத்தில் முடிகிறது. வரிசை மாறினால் கதையே மாறிவிடும்.

இனி ஒரு சானெட்டை எப்படிப் பிரிப்பது. ‘இஃப் பாய்ஸனஸ் மினரல்ஸ்’ எடுத்துக்கொள். பலரும் ‘பேட்டர் மை ஹார்ட்’டுக்கு ஓடுவார்கள். பாடம் நடத்த இதுதான் தோது.

முதலில் பொருள் சொல்லாமல் சத்தமாக வாசி. பிறகு கடவுளைக் குறிக்கும் சொற்களை மட்டும் வட்டமிடச் சொல். முதல் எட்டு வரிகளில் கடவுள் ‘அவர்’. விஷக் கனிமங்களுக்கும், ஆதாமுக்குச் சாவைத் தந்த மரத்துக்கும், காமம் மிகுந்த ஆட்டுக்கும், பொறாமை பிடித்த பாம்புக்கும் நரகம் இல்லை. எனக்கு மட்டும் ஏன்? பகுத்தறிவு இருப்பதால் என் பாவம் மட்டும் பெரிதாகிவிடுமா? இரக்கம் காட்டுவது அவருக்குச் சுலபமாயிற்றே, பிறகு எதற்கு மிரட்டுகிறார்? சட்டம் படித்தவரின் வாதம், ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஒன்பதாம் வரியில் ‘ஆனால்’ என்று ஒரு திருப்பம்: உம்மோடு வழக்காட நான் யார்? ‘அவர்’ என்றது ‘நீர்’ ஆகிவிடுகிறது.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குவார்கள். ‘சந்தேகம் தீர்ந்து விசுவாசம் வென்றது’ என்று எழுதிவிடுவார்கள். எட்டு வரிக் கேள்விக்குப் பதில் எங்கே என்று கேள். பதில் இல்லை. அவர் வழக்கில் தோற்கவில்லை, வழக்கை அப்படியே போட்டுவிட்டு நீதிபதியின் காலில் விழுகிறார். கேள்வி பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. கடைசி ஐந்து வரிகளில் கேட்பதையும் கவனி. கிறிஸ்துவின் இரத்தத்தையும் தன் கண்ணீரையும் சேர்த்து, கிரேக்கப் புராணத்தின் மறதி நதியான லீத்தியைப் போல ஒரு வெள்ளமாக்கி, தன் பாவங்களின் நினைவை அதில் மூழ்கடிக்கச் சொல்கிறார். நினைவில் வைப்பதைக் கடனாகச் சிலர் கேட்கிறார்கள், நீர் மறந்தாலே எனக்கு இரக்கம் என்கிறார். மன்னிப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவன் கேட்கிற கேள்வி இது.

இந்த முறையை ‘அட் தி ரவுண்ட் எர்த்ஸ்’ சானெட்டிலும் போட்டுப் பார். அங்கேயும் ஒன்பதாம் வரியில் ‘ஆனால்’. நியாயத்தீர்ப்பு நாளை எட்டு வரியில் ஊதி எழுப்பிவிட்டு, ‘அவர்கள் தூங்கட்டும் ஆண்டவரே’ என்று பின்வாங்குகிறார். முடிவில், மனந்திரும்பக் கற்றுத்தாரும், அது உமது இரத்தத்தால் என் மன்னிப்புக்கு முத்திரை போட்டதற்குச் சமம் என்கிறார். போட்டதற்குச் சமமா? கிறிஸ்தவ உபதேசப்படி முத்திரை ஏற்கெனவே போட்டாயிற்றே! முழுக் கவிதையின் நடுக்கமும் அந்தச் ‘சமம்’ என்பதில் இருக்கிறது.

ஆய்வாளர் லூயிஸ் மார்ட்ஸ் 1954-இல், இந்தக் கவிதைகள் கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸின் தியான முறையைப் பின்பற்றுகின்றன என்று வாதிட்டார். முதலில் காட்சி, பிறகு ஆராய்ச்சி, கடைசியில் கடவுளோடு உரையாடல். 1979-இல் பார்பரா லெவால்ஸ்கி, வேர் புராட்டஸ்டன்ட் மரபில்தான் என்று மறுத்தார். மார்ட்ஸின் மூன்று படிகளை வாசிக்கும் கருவியாக வைத்துக்கொள், தீர்ப்பாக வைக்காதே.

‘பேட்டர் மை ஹார்ட்’ பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் வரியில் மூன்று வினைகள்: தட்டு, ஊது, ஒளிர். நான்காம் வரியில் அவற்றின் முரட்டு வடிவங்கள்: உடை, வீசியடி, எரி. திரித்துவக் கடவுளுக்கு மும்மூன்றாக. பிடிபட்ட நகரம் அவர், உள்ளே காவலுக்கு வைத்த பகுத்தறிவும் கைதி. கடைசி வரியின் பலாத்கார உருவகத்தைக் கேட்டு வகுப்பு நெளியும். நெளியட்டும், மழுப்பாதே. 1945 அணுகுண்டுச் சோதனைக்கு டிரினிட்டி (திரித்துவம்) என்று பெயர் வந்ததைப் பற்றிப் பின்னாளில் அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் எழுதும்போது இந்தச் சானெட்டின் முதல் வரியைக் குறிப்பிட்டார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதே.

ஹெர்பர்ட்டுக்கு நிறைய நேரம் ஒதுக்கு. என் கணக்கில் டன்னைவிட இவர் கைகாரர். சந்தேகத்தைச் சொல்லமாட்டார், யாப்பிலேயே காட்டிவிடுவார்.

‘டினையல்’ ஆறு பத்தி, பத்திக்கு ஐந்து வரி. முதல் நான்கு வரிகளும் ஒன்றுவிட்டு ஒன்று இயைபு கொள்ளும், ஐந்தாவது அந்தரத்தில் தொங்கும். என் ஜெபம் உம் மௌனமான செவியைத் துளைக்காதபோது இருதயம் உடைந்தது, என் பாட்டும் உடைந்தது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். ஐந்து பத்திகள் இப்படியே போகும். பிள்ளைகளைப் பத்தியின் கடைசிச் சொல்லை மட்டும் வாசிக்கச் சொன்னால் காதே சொல்லிவிடும். ஆறாவதில் ‘சைம்’ என்பதோடு ‘ரைம்’ சேர்கிறது. என் பாட்டைச் சரிசெய்யும் என்று கேட்கும் வரியே சரியாகி நிற்கிறது. சரிசெய்தது யார், கவிஞரா கடவுளா? வகுப்பில் அடிதடி நடக்கும், நீ நடுவராக மட்டும் இரு.

‘தி காலர்’ 36 வரி. தலைப்பில் ஒரு எச்சரிக்கை: பாதிரியார்கள் இன்று அணியும் வெள்ளைக் கழுத்துப்பட்டை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஹெர்பர்ட் இறந்தது 1633. ஆகவே இங்கே காலர் என்பது விலங்கின் கழுத்தில் போடும் பட்டை, கூடவே அதே ஒலியுள்ள, கோபத்தைக் குறிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல். மேசையைக் குத்தி ‘போதும்’ என்று கத்துகிறான் ஒருவன். வரிகள் நீளம் குட்டையாகச் சிதறுகின்றன. மூன்றாம் வரியின் ‘பைன்’ தன் ஜோடியான ‘வைன்’ கிடைக்கப் பத்தாம் வரி வரை காத்திருக்கிறது. ஆனால் அவன் கையாளும் சொற்களைப் பட்டியல் போடச் சொல்: மேசை, முள், இரத்தம், திராட்சரசம், தானியம். எல்லாம் நற்கருணையும் சிலுவையும். ஓடிப்போகிறவனுக்கு வைவதற்குக்கூட வேறு மொழி இல்லை.

கடைசி நான்கு வரிகளில் அசைகளை எண்ணவை: பத்து, நான்கு, எட்டு, ஆறு. இயைபு ஒன்றுவிட்டு ஒன்று: வைல்ட், வேர்ட், சைல்ட், லார்ட். அதுவரை இல்லாத ஒழுங்கு ‘பிள்ளாய்’ என்ற அழைப்போடு வந்துவிடுகிறது. ஆனால் ‘கேட்டேன்’ என்று அவர் எழுதவில்லை, ‘கேட்டதுபோலத் தோன்றியது’ என்றுதான் எழுதியிருக்கிறார். கைடுகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

தமிழ்ப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால் மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்தை நிச்சயம் இழுப்பார்கள். ஐம்பது பாட்டிலும் ‘விட்டுவிடுவாயோ’ என்ற கெஞ்சல்தான், ஒப்பிடலாம். ஆனால் அங்கே முதல் பாட்டிலேயே ‘கலந்து ஆண்டுகொண்ட’ என்று வந்துவிடுகிறது. ஆட்கொண்டாயிற்று, கைவிடாதே என்பது அந்தப் பயம். ஆட்கொண்டதே உண்டா என்பது டன்னின் பயம். ஹெர்பர்ட்தான் மாணிக்கவாசகருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்.

‘லவ்’ என்ற தலைப்பில் மூன்றாவதாக வரும் கவிதை 18 வரிதான், ஒரு விருந்துக் காட்சி. இங்கே சந்தேகம் ‘நான் தகுதியில்லை’ என்று இலைமுன் உட்கார மறுக்கும் விருந்தாளியின் கூச்சமாக வருகிறது. கடைசி வரி ஆறு ஓரசைச் சொற்கள்: உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், அவ்வளவே. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய்ல் கடுமையான தலைவலியின்போது இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அழகான கவிதை என்று நினைத்துச் சொன்னது தனக்குத் தெரியாமலே ஜெபமாகியிருந்தது என்று பிறகு எழுதினார். இன்னொரு பக்திக் கவிஞரான ஹென்றி வானை இந்தப் பருவத்தில் விட்டுவிடு, நேரம் போதாது.

கடைசி வகுப்புக்கு டன்னின் ‘ஹிம் டு காட் தி ஃபாதர்’. மூன்று பத்திகளுக்கும் சேர்த்து இரண்டே இயைபு ஒலிகள். ‘நீர் முடித்தபோதும் முடிக்கவில்லை, என்னிடம் இன்னும் இருக்கிறது’ என்று இரண்டு பத்திகள் முடிகின்றன. முடித்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அவர் பெயரும் ஒரே ஒலி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மூன்றாவதில், கரையிலேயே அழிந்துபோவேனோ என்ற பயமே என் பாவம் என்கிறார். நான் சாகும்போதும் உம் குமாரன் இப்போதுபோல ஒளிர்வார் என்று உம்மேல் ஆணையாகச் சத்தியம் செய்யும் என்று கடவுளிடமே கேட்கிறார். 1633 அச்சுப் பதிப்பில் கடைசி வரி ‘இனி எனக்குப் பயமில்லை’. கையெழுத்துப் பிரதிகளில் ‘இனி என்னிடம் எதுவும் இல்லை’. பயம் தீர்ந்ததா, பாவக் கணக்கு தீர்ந்ததா? இரண்டு பாடத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொடு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முந்தைய இரண்டு பத்திகளின் கடைசி வரியோடு பொருத்திக் காரணம் எழுதச் சொல். உள்மதிப்பீட்டுக்கு அந்த ஒரு கேள்வி போதும், பத்து மதிப்பெண் வை.

அன்புடன்,
அம்மா