செல்விக்கு, உப்பளம் பற்றி

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். மெர்சி மகளுக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளைக்கு 'அந்த' ஊர்தான். சிரிக்காதே.

எழுத வந்தது வேறு. காலநிலையும் உடல்நலமும் பற்றிய ஆய்வுகளைத் தொகுக்கும் வேலை இப்போது என் தலையில். தேடியதில் 11,000 சொச்சம் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்கள் சிக்கின. படித்து மாளுமா? லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்களின் குழு 2021இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் கிட்டத்தட்ட 16,000 ஆய்வுகளை இயந்திரக் கற்றலை வைத்துத்தான் வகைபிரித்தது. நாங்களும் அதே வழி. முதல் 600ஐ நான் படித்து 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறித்தேன். அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு மிச்சத்தைச் செயலி வரிசைப்படுத்தியது. மேலே நிற்பதைப் படித்தால் போதும். மூன்று மாத வேலை பத்து நாளில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் சும்மா அந்த வரிசையின் அடிப்பகுதியைக் கிளறினேன். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பற்றிய கட்டுரை ஒன்று அங்கே கிடந்தது. சுருக்கத்தில் வெயில் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது. 'காலநிலை மாற்றம்' என்ற சொல்தான் இல்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் அதே கதி. ஏன் என்று தோண்டினால், அந்த 600இல் இதே மாதிரி நாலைந்தை நானே தள்ளியிருக்கிறேன். 'தொழில் சுகாதாரம், நம் தலைப்பில்லை' என்று குறிப்பு வேறு. செயலி என்ன செய்யும், நான் காட்டிய வழியில் போயிருக்கிறது. பணக்கார நாடுகளையும் சீனாவையும் பற்றியே ஆய்வுகள் குவிந்துகிடக்கின்றன, ஏழை நாடுகளைப் பற்றி மிகக் குறைவு என்று அந்த லீட்ஸ் கட்டுரையே புலம்புகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் நான் தள்ளிவிட்டேன் பார்.

உங்கம்மா நினைவு வந்துவிட்டது. அளத்தில் ஒதுங்க மறைவில்லை என்று விடிகாலையில் போனால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்கமாட்டார்களே. ஒரு லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது நீர்க்கடுப்பு என்று என்னிடம் சொன்னார்கள். 'நிறையத் தண்ணி குடிங்கம்மா' என்றேன், இரண்டாம் வருடத்திலேயே பெரிய டாக்டர் மாதிரி. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இட்லி வைத்தார்கள்.

இப்போது முதலிலிருந்து குறிக்கிறோம். செயலி தள்ளியதிலும் குத்துமதிப்பாகக் கொஞ்சம் எடுத்து இன்னொருவர் படிக்க வேண்டும் என்றேன். காலக்கெடு என்றார் எங்கள் குழுத் தலைவர். ஹாஸ்டல் சாம்பார்ச் சண்டை அளவுக்குப் போய், கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அம்மாவுக்குக் கிரியாட்டினின், அதான் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. கருவாட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தாயா?

உன்
பானு