துகில் முடிந்த காலையில்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். விடிந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ராத்திரி முழுதும் விழித்திருந்ததில் கண் எரிகிறது, படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. கூத்தில் ஊதும் முகவீணைச் சத்தம் காதை விட்டுப் போக மறுக்கிறது. நேற்று இரவு நம் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பகடை துகில் கூத்து, சூதில் தோற்றுத் திரௌபதியின் சேலையை உரியும் கதை.

போன வாரம் போனில் கேட்டாயே, "கூத்தெல்லாம் செல்போனிலேயே பார்க்கலாமே அம்மா, இந்த முழங்கால் வலியோடு ஏன் வெறும் தரையில் உட்காருகிறாய்?" என்று. நான் வாயெடுப்பதற்குள் பேரன் அழுதான், நீ வைத்துவிட்டாய். போனில் சொன்னாலும் இரண்டு "சரிம்மா"வோடு முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய 5,000 ரூபாயைப் பெரியப்பா திருவிழாக் குழுக் கணக்கில் வரவு வைத்துவிட்டார். உன் பெயருக்கு ரசீதும் போட்டுக் கொடுத்தார்.

கூத்தாடும் ஜமா இந்த முறையும் பள்ளிக்கூடத்தில்தான் இறங்கியிருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் அத்தனை ஆண்டு வேலை பார்த்தவள் என்று அவர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்த வருடம் வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறேன். துரியோதனன் கட்டுகிறவர் பகலில் கொத்தனார். சுவருக்குச் சாந்து பூசும் கை அது, விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருக்கிறது. அந்தக் கையில் ஓர் ஈர்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் உடைந்த கண்ணாடித் துண்டை ஏந்தி, சிவப்பு பூசிய முகத்தில் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார். புள்ளி வைக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். பிறகு கட்டைகள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. கனமில்லாத மரம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஆனால் அசையாமல் நிற்க வேண்டுமே, ஒருவர் முதுகில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். எனக்கே விலா வலித்தது. அந்தக் கட்டோடு விடிய விடியக் கிறுக்கி என்று சுழன்று சுற்றப் போகிறார் என்று நினைத்து, இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திரௌபதி கட்டுகிறவர் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. துகில் அன்று அவருக்கு விரதம். யாரிடமும் பேச்சும் இல்லை.

இதெல்லாம் செல்போனில் வருமா, கண்ணு? துச்சாதனன் சேலையில் கை வைக்கும் இடம் வந்தபோது மணி இரண்டரை இருக்கும். கோமாளி வேஷம் கட்டும் கட்டியக்காரன் அதுவரை சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான். நம் ஏரிக்கரை ரோடு குண்டும் குழியுமாகக் கிடப்பதை அஸ்தினாபுரத்து ரோடு என்று சொல்லிக் காட்டினான், தலைவர் வீட்டு ஆட்களே சிரித்துவிட்டார்கள். பிறகு ஆர்மோனியம் நின்றது. துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, அம்மன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, திரௌபதி வேஷக்காரரின் காலிலும் விழுந்து எழுந்தார். அதற்குப் பிறகுதான் சேலையைத் தொட்டார். பெண்கள் பக்கம் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி, "கிருஷ்ணா, வந்துவிடு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். எத்தனையோ முறை பார்த்த கதைதான். அந்த நேரத்தில் எனக்கும் அவன் வருவானோ மாட்டானோ என்றுதான் இருந்தது.

இப்படி இருக்கும் கூத்தைத்தான் மூன்று ராத்திரியாகக் குறைத்துவிடலாம் என்றார்கள் குழுவில் சிலர். மிச்சப் பணத்தில் வெளியூர் இன்னிசைக் கச்சேரி வைத்தால் இளவட்டங்கள் வருவார்களாம். குழுக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். நான் எழுந்து நின்றுவிட்டேன். "பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் படிக்கிறார், 4,000 பாட்டுக்கு மேல் உள்ள நூல். பகலில் அவர் சொன்னதை ராத்திரி ஜமா ஆடிக் காட்டுகிறது. வில் வளைப்புக் கல்யாணம் இல்லாமல் துகில் எப்படி? துகிலில் அம்மன் கூந்தலை அவிழ்க்காமல் படுகளத்தில் எதை முடிப்பது? கூந்தல் முடியாமல் தீமிதி ஏது?" என்று கேட்டேன். கை நடுங்கியது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பத்து இரவும் இருக்கட்டும் என்று பெரியப்பா முடித்து வைத்தார். கச்சேரி வேண்டுமானால் தைப்பொங்கலுக்கு வைக்கட்டும், நானும் வந்து கேட்கிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. அர்ச்சுனன் தபசு அன்று, உன் பாட்டி என்னைக் குளத்தில் முழுக வைத்து, ஈரச் சேலையோடு தபசு மரத்தடிக்குக் கூட்டிப் போனாள். உயரமான பனைமரத்துக்குப் படிச்சட்டம் அடித்து நட்டிருந்தார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறினார். சித்திரை வெயில். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்துவிட்டது. உச்சியிலிருந்து அவர் விபூதியும் பூவும் எலுமிச்சம்பழமும் வீசினார். சுற்றி முப்பது பெண்கள், எல்லோரும் மடியேந்தி நின்றோம். என் மடியில் ஒரு பழம் விழுந்தது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, மறு வருடம் நீ பிறந்தாய். நீ படித்தவள், வேறு காரணம் சொல்வாய், சொல். அந்தப் பழத்தை நான் பிடித்த இடத்தில்தான் இப்போதும் மரம் நடுகிறார்கள். நாளை மறுநாள் தபசு.

உனக்கே ஒரு கூத்து ஞாபகம் இருக்க வேண்டும். தாத்தா கருமாதிக்கு வாசலில் கர்ண மோட்சம் வைத்தோமே, நீ அப்போது நான்காம் வகுப்பு. கர்ணன் போருக்குக் கிளம்பும்போது மனைவி பொன்னுருவி வழிமறித்து அழுவாள். நீ என் மடியில் படுத்தபடி, "தாத்தாவையும் இப்படிப் போகாதே என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. உன் அப்பா அன்றுதான் முதல்முறை அழுதார். பதினாறு நாளும் அழாத மனிதர்.

நம் பக்கம் இந்தக் கலைக்குப் பேர்போன பக்கம். கூத்து வாத்தியார்கள் புரிசை நடேச தம்பிரானையும் கண்ணப்ப தம்பிரானையும் பற்றி உன் தாத்தா பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் குருகுலம் நடந்தபோது பெண் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்துக்கொண்டே ஆடப் பழகினார்கள். அந்தக் காலத்தில் எனக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் நான் பின்பாட்டாவது பாடியிருப்பேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. இன்று விடியற்காலை நான்கு மணிக்கு திடலை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு பேர் இருந்தோம். பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், சிலர் தூங்கிவிட்டார்கள். பத்து மணிக்கு முன்வரிசையில் செல்போன் தூக்கி எடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தக் கொத்தனார் அடவில் ஒன்றைக் குறைக்கவில்லை. வெளுக்கும் வரைக்கும் அதே சுற்று, அதே குரல். நாற்பத்தேழு பேருக்காக ஒரு மனிதர் அப்படி ஆடுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. பணம் அனுப்பினாய், சந்தோஷம். இந்த முறை நீயும் வந்து உட்காரவேண்டும், கண்ணு.

வரும் சனிக்கிழமை இரவு பதினெட்டாம் போர். ஞாயிறு காலை படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனன் தொடையில் பீமன் அடிக்கும்போது சிவப்பு பீறிடும், அதை எடுத்துத்தான் அம்மன் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. பேரனை நான் தோளில் வைத்துக் காட்டுகிறேன், முழங்கால் தாங்கும்.

சனிக்கிழமை மதியமே பெங்களூரில் பஸ் ஏறிவிடு, வேலூர் வந்து ஆரணி பஸ் பிடி. ஆரணிக்குப் பெரியப்பா மகன் வண்டி கொண்டு வருவான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரையும் கூட்டி வா. பேரனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள், ஏரிப்பக்கம் கொசு அதிகம். பாய் மூன்று தட்டி வைத்திருக்கிறேன். முகவீணைக்காரருக்கு எதிரில் இடம் பிடிக்கச் சொல்லியாகிவிட்டது.

திடல் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்கிறது. துரியோதனன் உடம்புக்கு முதல் லோடு மண் கொட்டுகிறார்கள். குயவர் வீட்டு ஆட்களுக்கு மோர் கொண்டுபோக வேண்டும், கிளம்புகிறேன்.

உன் அம்மா