பவுல் ஆட்டப் பணத்தின் பங்கீட்டில் நியாயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கல்லூரிக் கால்பந்தில், ‘பவுல்’ எனப்படும் பருவ முடிவுச் சிறப்பு ஆட்டங்களையும் உள்ளடக்கித் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டப் போட்டியின் அணிகள் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் 4-லிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டதோடு, சிறிய அணிகளுக்கு இடமில்லை என்ற நெடுங்காலக் குறை தீர்ந்துவிட்டதாகப் பலரும் கருதுகிறார்கள். ஆடுகளத்தைப் பொறுத்தவரை அது சரிதான். 2017-இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத சென்ட்ரல் புளோரிடா அணி, தேர்வுக் குழு இடம் தராததால் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பே இன்றிப் பீச் பவுலில் ஆடி, வலுவான ஆபர்ன் அணியை 34-27 என்று வென்றது. இன்றைய விதிப்படி, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகளில் சிறியவற்றின் சாம்பியன் ஒன்றுக்கேனும் இடம் உறுதி.

ஆனால் பணத்தின் கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. இந்த இறுதிக்கட்டப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்காக இஎஸ்பிஎன் தொலைக்காட்சி 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டுள்ளது. இதில் பிக் டென், எஸ்இசி ஆகிய இரு கூட்டமைப்புகளின் 34 பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சுமார் 58 விழுக்காடு போகும் என்றும், அறுபதுக்கும் மேற்பட்ட சிறிய பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 9 விழுக்காடுதான் கிடைக்கும் என்றும் செய்திகள் தெரிவிக்கின்றன. யார் வென்றார், யார் தோற்றார் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதி முடிக்கப்பட்ட விகிதம் இது.

பார்வையாளர்களை ஈர்ப்பவை பெரிய அணிகள்தானே என்று கேட்பார்கள். ஈர்க்கின்றன, அதற்கான விலையை அவை ஏற்கெனவே பெற்றுவிடுகின்றன. 1984-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வழக்கமான பருவ ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்புகள் தனித்தனியே விற்றுக்கொள்கின்றன. இறுதிக்கட்டப் போட்டியோ எல்லோருக்கும் பொதுவானது. தாங்கள் விற்ற பொருளுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டவர்கள், பொதுப் பொருளிலும் பெரும்பங்கைக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

பழைய பவுல் முறையில் பங்கேற்பதே நஷ்டமாக முடிந்ததும் உண்டு. 2011 பியஸ்டா பவுலுக்குத் தகுதி பெற்ற கனெக்டிகட் பல்கலைக்கழகம் 17,500 நுழைவுச்சீட்டுகளை ஏற்றாக வேண்டியிருந்தது. பெரும்பாலானவை விற்காமல் போக, அந்த அரசுப் பல்கலைக்கழகம் 15 லட்சம் டாலருக்கும் மேல் இழந்தது. அதே ஆண்டில், ஊழியர்கள் அளித்த அரசியல் நன்கொடைகளை நிறுவனப் பணத்திலிருந்து ஈடுசெய்த விவகாரத்தில் பியஸ்டா பவுலின் தலைமை நிர்வாகி பதவி நீக்கப்பட்டார். வரிவிலக்கு பெற்ற, லாப நோக்கமற்ற அமைப்பு அது என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். உழைத்தவர்களுக்கு வெகு தாமதமாகக் கிடைத்த உரிமை இது; முழு மனதுடன் வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தொகையைத் தரக்கூடிய கல்லூரிக்கே திறமையான வீரர்கள் போவார்கள் என்பதால், இனி வருவாயில் உள்ள ஏற்றத்தாழ்வு ஆடுகளத்திலும் தெரியும். 12 இடங்களால் கிடைத்த நியாயமும் அப்போது பெயரளவில்தான் மிஞ்சும்.

ஆகவே இந்த வருவாயில் பாதியை முதல்நிலைப் பிரிவில் ஆடும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சமமாகவும், மறுபாதியை அந்தந்த ஆண்டின் வெற்றிகளைப் பொறுத்தும் பிரித்தளிக்க வேண்டும். விற்காத நுழைவுச்சீட்டுகளின் சுமையை, எந்தப் பவுல் ஆட்டமானாலும், அதை நடத்தும் அமைப்பே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்