ஐரிஷ் காபியில் சர்க்கரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைக் கிராமங்களைப் பற்றி வந்த பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதோடு கட்டம் கட்டிப் போட்டிருந்த ஐரிஷ் காபி செய்முறையில் மூன்று பிழைகள். ஐரிஷ் காபி என்பது சர்க்கரை கரைத்த சூடான காபியில் விஸ்கி சேர்த்து, மேலே குளிர்ந்த கிரீமைத் தனி அடுக்காக மிதக்கவிடும் பானம். ‘சர்க்கரை, தேவைப்பட்டால்’ என்றிருக்கிறது. கிரீமைக் ‘கெட்டியாக அடித்து’ வைக்கச் சொல்கிறது. கடைசியில் ‘நன்றாகக் கலக்கிப் பருகவும்’ என்கிறது. மூன்றையும் அப்படியே செய்தால் கிடைப்பது விஸ்கி ஊற்றிய பால்காபி. அதற்கு அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை.

முதலில் சர்க்கரை. இனிப்புக்காக மட்டும் சேர்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். எடையைப் பார்த்தால் விஷயம் புரியும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த கிரீம் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். 80 டிகிரி சூட்டில் தண்ணீரோ சுமார் 0.97 கிராம்தான். 40 சதவீதச் சாராயம் (ஆல்கஹால்) உள்ள விஸ்கி அதைவிடவும் லேசு, 0.95. ஆக, சூடான காபியில் விஸ்கி சேர்ந்ததும் அது குளிர்ந்த கிரீமைவிட லேசாகிவிடுகிறது. லேசானதன் தலையில் கனமானதை ஊற்றினால் முழுகத்தானே செய்யும்? இரண்டு தேக்கரண்டி, அதாவது 8 கிராம் சர்க்கரை கரைந்ததும் காபி கனக்கிறது. கிரீமை அடிக்கும்போது உள்ளே காற்று புகுந்து அது லேசாகிறது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் கோடு விழும். சர்க்கரையே வேண்டாம் என்றால் கிரீமை இன்னும் கொஞ்சம் அதிகமாக அடித்து மிதக்கவைக்கலாம். ஆனால் கோடு கலங்கலாகத்தான் இருக்கும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரை நாக்கை ஏமாற்றும், எடையை ஏமாற்றாது.

வெள்ளைச் சர்க்கரையும் ஆகும். பழுப்புச் சர்க்கரையில் வெல்லப்பாகின் வாசனை இருப்பதால் விஸ்கியோடு நன்றாகச் சேரும். ஆனால் டெமராரா என்ற பழுப்புச் சர்க்கரை போன்றவற்றின் பெரிய பரல்கள் கரைய நேரமெடுக்கும். அடியில் பரல் தங்கிவிட்டால் கனம் காபிக்கு வராமல் தரையிலேயே கிடக்கும். கடைசி மடக்கு மட்டும் திகட்டும். கூட்டமான பப்களில், அதாவது மதுக்கூடங்களில், சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு ஒரு பாட்டிலில் தயாராக இருக்கும். அதில் 16 கிராம் ஊற்றினால் அதே 8 கிராம் சர்க்கரை கணக்கு.

சர்க்கரையை விஸ்கியில் போட்டுக் கலக்குவது இன்னொரு தவறு. சர்க்கரை சாராயத்தில் எளிதில் கரையாது. சூடான காபியில் போட்டு முழுக்கக் கரைத்த பிறகே விஸ்கி வர வேண்டும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து பப்பில் ஒரு அளவு விஸ்கி என்பது 35.5 மில்லி. கில் என்ற பழைய முகத்தல் அளவில் கால் பங்கு அது. அதற்கு 120 மில்லி காபி, மேலே 40 மில்லி கிரீம். இதற்குக் கண்ணாடிக் கோப்பை 220 முதல் 240 மில்லிக்குள் இருந்தால் போதும். 300 மில்லிக் கோப்பையைக் கையில் எடுத்தால், வெற்றிடத்தை நிரப்ப யாரும் காபியைத்தான் கூட்டுவார்கள், விஸ்கியை அல்ல. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் ‘விஸ்கி வாசனையே இல்லையே’ என்ற குறை பெரும்பாலும் அந்தப் பெரிய கோப்பையிலிருந்து வருவது.

கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சுட வைப்பதை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 85 டிகிரி காபியும் அறைச் சூட்டு விஸ்கியும் இந்த அளவில் சேர்ந்தால் 70 டிகிரிக்கு வந்து நிற்கும். குடிக்க அதுதான் சரியான சூடு. குளிர்ந்த கண்ணாடி அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். வெந்நீர் ஊற்றும்போது உள்ளே ஒரு உலோகக் கரண்டியைப் போட்டுவைத்தால் கண்ணாடி விரிசல் விடும் வாய்ப்பு குறையும். காபியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் கூடாது. சாராயம் 78 டிகிரியிலேயே கொதிப்பது. ஆவி மூக்கில் ஏறி, முதல் மடக்கிலேயே இருமல் வரும்.

காபி எஸ்பிரெஸ்ஸோவாக, அதாவது இயந்திர அழுத்தத்தில் இறக்கிய கெட்டிக் காபியாக, இருக்க வேண்டியதில்லை. வடிகட்டிய காபியே நல்லது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 65 கிராம் தூள். எஸ்பிரெஸ்ஸோவை நீர்த்துப் பயன்படுத்தினால் மேலே உள்ள பழுப்பு நுரையை வழித்தெடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிரீம் அதில் சிக்கித் திட்டுத் திட்டாக நிற்கும். மதியம் போட்டுச் சூட்டுத் தட்டில் மாலைவரை வைத்த காபியை எந்தச் சர்க்கரையாலும் மீட்க முடியாது.

விஸ்கியில் பெருமை காட்ட வேண்டாம். அயர்லாந்தில் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு கிடந்து, 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது சட்டப்படி ஐரிஷ் விஸ்கி. ஜேம்சன், பவர்ஸ், டல்லமோர் டியூ போன்ற சாதாரணக் கலவை விஸ்கிகளே இதற்குப் போதும். ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விலையுயர்ந்த சிங்கிள் மால்ட் விஸ்கியைக் காபியில் ஊற்றுவது பட்டுப்புடவையில் தரை துடைப்பது மாதிரி. கரிப்புகை வாசனை தூக்கலாக உள்ள ஸ்காட்ச் காபியின் கசப்போடு சண்டை போடும். பெய்லீஸ் ஊற்றினால் அது பெய்லீஸ் காபி. 17 சதவீதச் சாராயமும் தனக்கென்று சர்க்கரையும் கிரீமும் கொண்ட மதுவகை அது. தப்பில்லை, பெயர்தான் வேறு.

இனி கிரீம். கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத, ஃபிரிஜ்ஜில் 4, 5 டிகிரியில் இருந்த கிரீம் வேண்டும். வெளியே வைத்துச் சூடேறினால் கொழுப்பு இளகி, காற்றைப் பிடித்துவைக்காது. மூடியுள்ள ஜாடியில் பாதி நிரப்பிப் பத்துப் பதினைந்து நொடி குலுக்கினால் போதும். தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதம். கரண்டியால் எடுத்து ஒழுகவிட்டால் மேற்பரப்பில் ஒரு தழும்பு விழுந்து, இரண்டு மூன்று நொடியில் மறைய வேண்டும். மறையாமல் நின்றால் அதிகமாக அடித்தாயிற்று. கேக்கின் மேல் வைக்கும் அந்தக் கெட்டிக் கிரீம் மூடிபோல் உட்கார்ந்துகொண்டு காபியை வாய்க்கு வரவே விடாது. மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு ஒட்டியதுதான் மிச்சம். அழுத்தினால் பீய்ச்சும் டப்பாக் கிரீம் இதற்கு நேரெதிர். அதில் பெரும்பகுதி வாயு. சூடு பட்ட சில நிமிடங்களில் இடிந்து எண்ணெய்ப் படலமாகிவிடும்.

ஊற்றும் விதத்தில்தான் கைப்பழக்கம் தெரியும். சர்க்கரை கரையக் கலக்கி, விஸ்கி சேர்த்து இன்னொரு சுற்று கலக்கியபின் கரண்டியை எடுத்துவிட்டுக் கோப்பையைப் பாருங்கள். உள்ளே சுழல் இருக்கும். அது முழுக்க அடங்கட்டும். பத்து நொடிகூட ஆகாது. ஆனால் ஓடும் சுழலில் ஊற்றினால் கிரீமையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு வெந்நீரில் நனைத்த கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு காபியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்து, கிரீமை அதன்மேல் மெல்ல வார்க்க வேண்டும். மட்டம் உயர உயரக் கரண்டியும் உயர வேண்டும். ஒரு விரற்கடை உயரம் வந்தால் நிறுத்திவிடலாம். கோகோ தூள், பச்சை நிறப் புதினாப் பாகு, செர்ரிப்பழம் எதுவும் இதன் மேல் ஏறக்கூடாது.

அதற்குப்பின் கலக்கக் கூடாது. குளிர்ந்த, இனிக்காத கிரீமின் ஊடாகச் சூடான, இனித்த காபி வர வேண்டும். அந்த முரண்தான் இந்தப் பானம். உறிஞ்சுகுழல் போட்டால் அடியிலுள்ள காபி மட்டும் வரும். அதுவும் கலக்குவதற்குச் சமமான குற்றம்தான்.

கட்டுரையில் இது சான்பிரான்சிஸ்கோவில் பிறந்ததாக ஒரு வரி வருகிறது. பிறந்தது லிமெரிக் மாவட்டத்தில், ஷானன் நதி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் உள்ள ஃபாய்ன்ஸ் என்ற கிராமத்தில். 1939 முதல் 1945 வரை அட்லாண்டிக்கைக் கடந்த நீர்விமானங்கள் அங்கே வந்து இறங்கின. 1943 குளிர்காலத்தில் புறப்பட்ட விமானம் ஒன்று மோசமான வானிலையால் திரும்பி வர, குளிரில் நடுங்கிய பயணிகளுக்கு முனையத்தின் சமையற்காரர் ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி சேர்த்துக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று அதே கிராமத்தில் நீர்விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் புவனா விஸ்டா கஃபே உரிமையாளர் ஜாக் கோப்ளரும் பத்திரிகையாளர் ஸ்டான்டன் டெலப்ளேனும் 1952 நவம்பரில் இதை அங்கே செய்து பார்த்தபோது முதலில் தடுக்கியது எது தெரியுமா? கிரீம்தான், முழுகிக்கொண்டே இருந்தது. பால்பண்ணை நடத்திவந்த, பின்னாளில் அந்நகர மேயரான ஜார்ஜ் கிறிஸ்டோஃபர், கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு அளவாக நுரைத்தால் மிதக்கும் என்று வழி சொன்னார். அயர்லாந்து தன் பங்குக்கு 1988இல் ஐ.எஸ். 417 என்ற எண்ணில் ஐரிஷ் காபிக்கென்றே தேசியத் தர ஆவணம் வெளியிட்டது.

கடலோரக் கிராமப் பப்புக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கல்லாவில் நின்று சொல்லி வாங்குவதே அங்கே வழக்கம். சாப்பாடு முடிந்த கையோடு கேளுங்கள். இரவு ஏற ஏறக் காபி இயந்திரத்தைக் கழுவி மூடியிருப்பார்கள். இசைக்குழு வாசிக்கும் நெரிசலில் ஐந்து நிமிட வேலைக்கு யாருக்கும் கை ஓயாது. சுவரை ஒட்டிக் கடலைப் பார்த்த பெஞ்சு அழகுதான், ஆனால் அட்லாண்டிக் காற்று கோப்பையைச் சீக்கிரம் ஆறவைக்கும். கிரீம் ஒரு போர்வைபோல் சூட்டைப் பிடித்துவைப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்குமேல் கிரீமும் சூடேறிக் கொழுப்பு உருகி, மேலே எண்ணெய் வட்டங்கள் மிதக்கும். சுடச்சுட வந்ததை நிழற்படம் எடுத்தே ஆறவிடுகிறவர்கள் இதைத்தான் குடிக்கிறார்கள்.

கார் ஓட்டி வந்தவர்கள் கவனிக்க: 35.5 மில்லி விஸ்கியில் சுமார் 11 கிராம் சாராயம் உள்ளது. அயர்லாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், பழகுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 20. காபி தூக்கத்தைத்தான் விரட்டும், ரத்தத்தில் உள்ள சாராயத்தை அல்ல. இரண்டாவது கோப்பை என்றால் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திருத்தம் வெளியிட இடம் குறைவாக இருந்தால், அந்தக் கட்டத்தில் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இரண்டு தேக்கரண்டி’ என்று போட்டு, கடைசி வரியை நீக்கிவிட்டாலும் போதும்.

இப்படிக்கு,
மதுக்கூடப் பணி அறிந்த ஒரு வாசகர்,
கால்வே, அயர்லாந்து