எவர்சில்வர் கேட்டை மாற்றும் முன் வாளித் தண்ணீரை மாற்றுங்கள்

சங்கத் தலைவர், செயலாளர், பராமரிப்புக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். வாசல் கேட், படிக்கட்டுக் கைப்பிடி, பால்கனிக் கிராதி எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் படிந்துவிட்டதாம். எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வீட்டுக்கு 18,000 ரூபாய் வசூலிக்கப் போகிறீர்களாம். வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதினால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே தொலைந்துபோகும் என்பதால் மடலாக எழுதி, அந்தச் சுற்றறிக்கைக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கடலோரமாக இருக்கிற மற்ற சங்கத்தாரும் படிக்கலாம். அங்கேயும் இதே கதைதான் என்பதை நடைப்பயிற்சியின்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் ஓய்வு பெறும்வரை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பால் டேங்க் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, பஃபிங் போட்டுப் பழகிய கை. அந்த உரிமையில் சொல்கிறேன்: நம் கேட்டுக்கு ஆயுசு முடியவில்லை. நாம் அதைக் கழுவுகிற விதம்தான் அதைக் கெடுக்கிறது.

"எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்?" என்று கூட்டத்தில் ஒருவர் கோபமாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த உலோகமும் பெரும்பாலும் இரும்புதான். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருப்பதால், காற்று பட்டதும் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, சில நானோமீட்டர் கனம்தான். கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்துவதுபோல் துளைத்துவிடும். கடலோரத்தில் முதலில் வருகிற பழுப்பு நிறத்துக்கு இந்தத் தொழிலில் 'டீ ஸ்டெயின்' என்றே பெயர். டீ சிந்தியதுபோல மேலாக இருக்கும், உள்ளே அரித்திருக்காது. நம் கேட்டில் பெரும்பகுதி அந்த நிலையில்தான் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்துவிட்டேன், குழி எதுவும் தட்டுப்படவில்லை.

அப்புறம் அந்த வெள்ளைத் திட்டு. அது துருவே இல்லை. தண்ணீர் காய்ந்த இடத்தில் அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் தங்கிவிடுகின்றன, அவ்வளவுதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்பு.

இரண்டு வருடம் முன்பு தண்ணீர்ச் சிக்கனத்துக்காக ஒரு முடிவெடுத்தோம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் பெரிய டிரம்மில் பிடித்து, அதைக் கொண்டே வாசலையும் கேட்டையும் கைப்பிடியையும் கழுவ வேண்டும் என்று. நல்ல எண்ணம்தான், நானும் கை தூக்கினேன். ஆனால் கணக்கு என்னவென்று யோசிக்கவில்லை. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் எடுத்துக்கொண்டு ஒரு லிட்டர் கழிவை வெளியே தள்ளினால், அந்தக் கழிவில் உப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். போன ஞாயிறு என் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். நம் போர் தண்ணீர் 1,400 காட்டியது. டிரம்மில் இருப்பது 2,600. குடிநீருக்கான இந்தியத் தரம் 500-ஐ ஏற்கத்தக்க அளவு என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டையும் தாண்டிய தண்ணீரை வாரம் மூன்று நாள் கேட்டின் மேல் ஊற்றிக் காயவிடுகிறோம். கடல் காற்று பூசுகிற உப்பு போதாதென்று நாமும் வாளியில் கொண்டுபோய்ப் பூசுகிறோம்.

அதையும் எப்போது செய்கிறோம்? காலை பதினொரு மணிக்கு. பெருக்கி, துடைத்து, குப்பை அள்ளிய பிறகு கடைசியாகக் கேட். வெயிலில் கம்பி தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். ஊற்றிய தண்ணீர் வழிந்து கீழே சேர்வதற்குள் ஆவியாகிவிடும். துணியால் துடைப்பதும் கிடையாது. கறைக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கறை போகவில்லை என்றதும் போன தீபாவளிக்கு முன் கழிவறை ஆசிட்டை வாங்கித் தேய்க்கச் சொன்னீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளைத் திட்டு உடனே கரைந்து ஓடும், பார்க்கப் பளிச்சென்று இருக்கும். கூடவே காவல் படலமும் போய்விடும். வேலை முடிந்த பதினைந்தாம் நாள் பழுப்பு முளைத்ததை எல்லோரும் பார்த்தோம், பழியைக் கேட் செய்தவர் மேல் போட்டோம். கம்பியாவது பரவாயில்லை. துப்புரவு செய்கிற அக்காவுக்குக் கையுறைகூடக் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் வாளியும் இருந்தது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சே அடைத்துவிடும். இனி இந்த வளாகத்துக்குள் கேட் கழுவ ஆசிட் வரக் கூடாது. பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் இருக்கிறது, அதுவும் கேட்டில் படக் கூடாது. கம்பி நாரும் வேண்டாம். அது உதிர்க்கிற இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் துருப்பிடித்ததுபோலத் தெரியும். பித்தளை விளக்குக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் ஒருவர் கேட்டுக்கும் அதையே செய்தார். புளி ஒன்றும் செய்யாது, உப்புதான் வில்லன். (ஆயுத பூஜைக்குக் கேட்டில் வைத்த சந்தனம் குங்குமத்தைத் தீபாவளி வரைக்கும் விட்டுவைப்பதும் நாம்தான். சாமி கோபித்துக்கொள்ளாது, மறுநாளே துடைத்துவிடலாம்.)

சரி, டிரம் தண்ணீர் வேண்டாமென்றால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மெட்ரோ தண்ணீரைக் கேட்டில் ஊற்ற எனக்கும் மனசு வராது. கொஞ்சம் தலை நிமிர்ந்து பின்பக்கச் சுவரைப் பாருங்கள். ஏசி குழாய்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வடிகிற நீர் அது. கால்சியமும் கிடையாது, கடல் உப்பும் கிடையாது. என் வீட்டு ஏசி தண்ணீரை மீட்டரில் பார்த்தேன்: 18. கோடைக்காலத்தில் ஒரே இரவில் அரை வாளி நிறைகிறது. ஆறு வீட்டுக் குழாயைச் சேர்த்து ஒரு டிரம்முக்கு இறக்கினால் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் தாராளமாகப் போதும். குடிக்க மட்டும் கூடாது. ஆர்.ஓ. கழிவு நீரை பொதுக் கழிவறைக்கும் சிமென்ட் தரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனமும் கெடாது.

கழுவும் முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலை ஆறரைக்குள், கம்பி குளிர்ச்சியாக இருக்கும்போது, முதலில் தண்ணீர் ஊற்றி மணலையும் உப்பையும் இறக்கிவிட வேண்டும். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, மெத்தென்ற பழைய பருத்தித் துணி. மேட் ஃபினிஷில் மெல்லிய கோடுகள் ஓடும், அந்தக் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். வெள்ளைத் திட்டு உள்ள இடத்தில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அதில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் இளகிவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிற சிட்ரிக் அமிலமும் இதே வேலையைச் செய்யும், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பெயரில்தான் உப்பு, பயப்பட வேண்டாம். ஆனால் படிக்கட்டில் கவனம் தேவை. நம் படிகள் கடப்பாக் கல். அது சுண்ணாம்புக் கல் வகை. வினிகர் சொட்டினால் வெளுத்துப்போகும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஏசி தண்ணீரால் அலசி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தண்ணீர் தானாகக் காயக் கூடாது. நன்றாகக் காய்ந்த கம்பியில் காருக்குப் போடுகிற மெழுகை மெல்லிசாகத் தேய்த்துவைத்தால் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டுவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று முதல் தளத்தில் யோசனை சொன்னார்கள். அதில் தூசிதான் ஒட்டும்.

இன்னொன்று. மழை படும் மொட்டைமாடிக் கம்பி சுத்தமாக இருக்கிறது, போர்ட்டிகோ கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் கம்பியில்தான் பழுப்பு அதிகம். நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரைக்கடியில் அது சேர்ந்துகொண்டே போகிறது. நியூயார்க்கில் கிறைஸ்லர் கட்டடத்தின் உச்சி 1930 முதல் ஸ்டெயின்லெஸ் தகட்டோடுதான் நிற்கிறது. ஆட்களை ஏற்றிப் பெரிதாகச் சுத்தம் செய்தது 1961, 1995 என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றபடி மழைதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலையை வானமே பார்த்துக்கொள்ளும். மாசியிலிருந்து ஆவணி வரை வாரம் ஒரு முறை நாம் பார்க்க வேண்டும், கூரைக்கடியில் இருப்பதை முதலில்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், விலைப்புள்ளியில் வெறுமனே 'எஸ்.எஸ்.' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று எழுதி வாங்காதீர்கள். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். விலை மலிவு, கடலோரத்துக்கு ஆகாது. 304 அதைவிட மேல். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-தான் உப்புக்காற்றைத் தாங்கும். பொருளாளர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்றார். இந்த மூன்றிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது, அவர் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசலில் இருப்பேன். வாளி, துணி, வினிகர் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். இடது கதவை மட்டும் இந்த முறையில் கழுவி மெழுகு போடுகிறேன், அடுத்து வருகிற ஞாயிறுகளிலும் நானே துடைத்துவிடுகிறேன். வலது கதவை வழக்கம்போல டிரம் தண்ணீரிலேயே பதினொரு மணிக்குக் கழுவட்டும். வசூலை அடுத்த மாதக் கூட்டம்வரை தள்ளிவையுங்கள். கூட்டத்தைக் கேட்டுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்து முன்னாள் வெல்டர்