‘புள்ளிங்கோ’ என்று தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தி ஆசிரியர்களுக்கும் தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில் பதினெட்டு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். ‘புள்ளிங்கோ’ உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ‘பிள்ளைங்க’ எங்கள் வாயில் உருண்டு அப்படி ஆனது, அவ்வளவுதான். 2019 வாக்கில் கானாப் பாட்டில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது. அப்புறம் அது உங்கள் கைக்கு வந்தது. இப்போது ‘புள்ளிங்கோ அட்டகாசம்’, ‘புள்ளிங்கோ கட்டிங்கில் வந்த மாணவர்கள்’ என்று முடிவெட்டுகூட குற்றச் செய்தியாகிவிட்டது.

தப்பே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. பஸ், ரயில் வழித்தடத்தில் எந்தக் கல்லூரி மாணவன் தலைவன் என்கிற ‘ரூட்டு தல’ சண்டையில் ரயிலில் கத்தி எடுத்த பையன்களை எனக்கும் தெரியும். கத்தி எடுத்தால் கத்தி எடுத்தான் என்று எழுதுங்கள். தலைமுடியும் பேட்டைப் பெயரும் எதற்கு? ஈசிஆரில் நள்ளிரவில் கார் பந்தயம் விட்டவர் ‘கல்லூரி மாணவர்’. பெரம்பூர் மேம்பாலத்தில் பைக்கை முறுக்கியவன் ‘புள்ளிங்கோ’. (மரியாதை விகுதி வண்டியின் விலையைப் பார்த்துத்தான் வருமோ என்னவோ.) 2015 டிசம்பர் வெள்ளத்தில் குப்பத்துப் பையன்கள் படகோடு வந்து ஆட்களை மீட்டபோது ‘தன்னார்வலர்கள்’ என்றீர்கள். அப்போதும் அதே தலைமுடிதான்.

இதைவிட மோசம் மாவுக்கட்டுச் செய்தி. பிடிபட்டவன் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதாகப் போலீஸ் சொல்லும். கட்டுப்போட்ட கையோடு நிற்பவனைப் படம் போட்டு, நீங்கள் நக்கலாக ஒரு தலைப்பு வைப்பீர்கள். அது எப்படி, பிடிபட்ட பிறகு மட்டும் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்று கேட்பதல்லவா நிருபர் வேலை?

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில் பழிக்கும் சொல்லே கூடாது என்பதை ஒரு கோட்பாடாக 3வது பிரிவில் வைத்திருக்கிறது. அடையாளத்தை வெளியிட்டால் 74வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிடுகிறீர்கள், சரி. தெருப் பெயரையும் பள்ளிப் பெயரையும் போட்ட பிறகு முகம் எதற்கு?

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன், ஐடிஐ முடித்தவன், ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனான். செம்பட்டை அடித்திருந்த முடியை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிட்டான். முகவரியைப் பார்த்த அதிகாரி, “ஓ, புள்ளிங்கோ ஏரியாவா?” என்று சிரித்தாராம். வேலை கிடைக்கவில்லை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை அவர் வியாசர்பாடிக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்கு அம்பத்தூரில் இன்னொரு நேர்முகம். அத்தை வீட்டு முகவரியைக் கொடுக்கப் போகிறானாம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
வியாசர்பாடி