விதைநெல்லும் வின்ரர் டயரும்

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

இந்த முறை மூன்று மாத வானிலை முன்னறிவிப்பு தெளிவில்லை, விதைப்பைப் பின்னுக்குத் தள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தள்ளத் தேவையில்லை, தம்பி. அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது என்று முதலில் பார். மழை வழமையைவிடக் கூட, வழமை, குறைவு என்று மூன்று பிரிவு. ஒன்றும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். "கூட" என்பதற்கு 45 போட்டால், மற்ற இரண்டுக்கும் சேர்த்து இன்னும் 55 கிடக்கிறது. அதுவும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மொத்த மழைக்குத்தான். எந்தக் கிழமை பெய்யும் என்று அதில் இல்லை. 2018 டிசம்பர் 21, 22இல் இங்கே வெள்ளம் வந்ததைப் போல இரண்டு நாள் கொட்டினாலும் மொத்தக் கணக்கு கூடிவிடும். பயிருக்கு அதனால் என்ன பயன்?

கமக்காரனுக்குத் தேவை, மழை முந்தினாலும் பிந்தினாலும் நெல் எப்போது பூக்கும் என்ற கணக்கு. நெல் அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு பூக்கும். பூ விரிவது காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில். அந்த நேரம் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவுப்பட்டு, கதிர் பதராய்ப் போகும். வன்னியில் நவம்பரும் டிசம்பரும்தான் கடும் மழை. ஒக்டோபர் 10இல் நாலு மாத நெல் விதைத்தால் ஜனவரி 8 அளவில் பூக்கும். முன்மழை ஏமாற்றி, நவம்பர் 10இல்தான் விதைக்க முடிந்தால், மூன்று மாத நெல்லைப் போடு. அது ஜனவரி 9 அளவில் பூக்கும். இரண்டும் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு, ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதனால் இரண்டு வகை விதையும் வாங்கி வைத்திருக்கிறோம். பிஜி (Bg) என்று பெயரிட்ட நெல் இனங்களில் இலக்கமே வயதைச் சொல்லும்: 300 மூன்று மாதம், 352 மூன்றரை, 403 நாலு. ஏக்கருக்கு 2 புசல் (ஏறக்குறைய 40 கிலோ) விதை, அதற்கு மேல் கால்பங்கு கையிருப்பு.

கையிருப்பு ஏன் என்றால், மானாவாரியில் பெரிய இழப்பு வருவது முதல் மழையை நம்பித்தான். 10, 15 மில்லிமீற்றர் பெய்தால் மேல்மண் மட்டும்தான் நனையும். அந்த ஈரத்துக்கு விதை முளைத்துவிடும். கீழே வேர் இறங்க ஈரமில்லை; பத்து நாள் வெயில் எறித்தால் முளை கருகிவிடும். மழை விட்ட மறுநாள் மண்வெட்டியால் அரை அடி வெட்டி, அடிமண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டையாக நின்றால் விதைக்கலாம், பொலபொலவென்று உதிர்ந்தால் பொறுக்க வேண்டும். இந்த இடத்தில் ஐந்து நாள் அறிவிப்பு நல்ல துணை. மூன்று மாத அறிவிப்பு உதவாது.

உன் காரும் அப்படித்தான். ஸ்னோ (வெண்பனி) முந்தி வருமென்று வானிலை அறிவிப்பில் உறுதியாகச் சொல்லட்டும், பிறகு குளிர்காலத்துக்கான வின்ரர் டயர் மாற்றலாம் என்று இருக்கிறாய். இலையுதிர் காலத்தில் மழையா ஸ்னோவா என்பதை ஒன்றிரண்டு பாகை வெப்பநிலைதான் தீர்மானிக்கும். இரண்டு மூன்று நாள் முன்புதான் ஓரளவு தெரியும். உன் பக்கத்துப் பெரிய ஏரி இன்னும் சூடாக இருக்க, அதன் மேலாகக் குளிர்காற்று வந்தால், ஸ்னோ ஒடுங்கிய பட்டையாகக் கொட்டும். ஒரு ஊர் மூடுண்டு கிடக்க, பக்கத்து ஊரில் வெயில் எறிக்கும். டயருக்கு ஸ்னோவின் திகதி தேவையே இல்லை. 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகி, பிடி குறைகிறது. காலை வெப்பநிலை தொடர்ந்து 7க்குக் கீழே நின்றால் நாலையும் மாற்று. முன் இரண்டை மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் பின்பக்கம் இழுபட்டு வண்டி சுழலும். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் கராஜில் இடம் கிடையாது.

முந்தி விழும் ஸ்னோ ஈரமும் பாரமும் கூடியது. மரத்தில் இலை நிற்க விழுந்தால் கொப்பு முறிந்து மின்கம்பியில் சாயும். 2006 ஒக்டோபர் 12, 13இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இரண்டடிக்குக் கிட்ட விழுந்தபோது இப்படித்தான் நாள்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்தது. இலை உதிராத மரத்தின் கீழே காரை விடாதே. பாலங்களின் மேல் மெதுவாகப் போ. கீழும் மேலும் காற்றுப் படுவதால் அவைதான் முதலில் உறையும்.

இங்கே ஈரச்சாக்கில் சுற்றி வைத்த நூறு நெல்லில் இன்று காலை 91 முளைத்துவிட்டது. 85க்குக் குறைந்தால்தான் விதையைக் கூட்ட வேண்டும். டயர் மாற்றியதும் எனக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
அப்பா